பாசிக்கு ஊற்றிய மோர்

ஐஸ்லாந்தில் ஃபியாத்ரா ஆற்றின் பிளவுக்குக் காவல் இருந்தவள் ஹால்பேரா. பனி உருகி ஓடிய தண்ணீர் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பாறையை அறுத்து உண்டாக்கிய பிளவு அது. விளிம்பில் மெத்தைபோல வளர்ந்திருந்த பாசியை, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கொஞ்ச காலத்திலேயே மிதித்துச் சேறாக்கிவிட்டது. விளிம்புக்குப் போகும் வழியை மூடியே ஆகவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவள் ஹால்பேராதான். மூடியதும் பக்கத்து விடுதிக்காரன் ஓர்முருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கூடவே வளர்ந்தவன் இனி முகத்தில் விழிக்கமாட்டான் என்று அவள் நினைத்தாள்.

பாசியைப் பிய்த்து மோரில் கரைத்துப் பூசினால் மண்ணில் பிடித்துக்கொள்ளும். தூறலில் மண்டியிட்டுப் பூசிக்கொண்டிருந்தபோது ஓர்முர் வாளியோடு வந்து நின்றான்.

“ஏ ஹால்பேரா, என் பொழப்பக் கெடுத்துட்டு இங்க சேத்துக்கு மோர் ஊத்துறியா?”

“திட்டணும்னா திட்டிட்டுப் போ.”

“திட்டத்தான் வந்தேன். மொதல்ல இதப் பிடி. குடிக்க ஆளில்லாம விடுதியில புளிச்சுக் கெடக்கு. இந்த எடம் பச்சையாகலேன்னா நாளைக்கு எவன் வருவான்?”

சொல்லிக்கொண்டே அவனும் பக்கத்தில் மண்டியிட்டான். ஹால்பேரா நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவள் காவல் இருந்த காலம் முழுக்க அந்தப் பாசிக்கு ஓர்முர் விடுதி மோர்தான்.