எட்மண்டின் பன்னிரண்டு தந்தி கிட்டார்

இது நடந்தது. யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், என் இரண்டு காதாலும் கேட்டேன். இதில் வரும் இரண்டு பெண்களும் இன்று உயிருடன் இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

1989. சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை அரசு ஒடுக்கிக்கொண்டிருக்க, கண்டியில் ஊரடங்குச் சட்டம் போடுவதும் எடுப்பதுமாக இருந்த வருடம். என் பெயர் ஜவாஹிர். ஊர் அலவத்துகொட. மஹய்யாவையில் வடிவம்மா என்ற விதவையின் வீட்டோடு ஒட்டிய அறையை வாடகைக்கு எடுத்து ரேடியோ, அம்ப்ளிஃபயர், கிட்டார் எல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி ஊருக்குப் போவேன். வழியில் ரோட்டோரமாக எரிந்து கிடப்பவர்களைப் பார்ப்போம். முதலில் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மூடவில்லை. அதற்கும் பிறகு, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். மனசு மரத்துப்போயிருந்தது. இனிச் சொல்லப்போகும் அந்தக் குரலை முதலில் கேட்டபோதும் எனக்குப் பயம் வரவில்லை என்றால், காரணம் இதுதான்.

கிட்டாரைக் கொண்டுவந்தவர் செசிலியா. நாவலப்பிட்டியில் ஆசிரியை. தகப்பன் ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிய கிறிஸ்தவக் குடும்பம். படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல என்னை 'நானா' என்றார்.

"அண்ணான்ட கிட்டார், நானா. எட்மண்ட் எண்டு பேர். ஹோட்டல் பாண்டில வாசிச்சவர். எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்தில கண்டியில நிண்டவர். திரும்பி வரேல்லை."

"கிட்டார் மட்டும்?"

"ஹோட்டல்ல கிடந்ததெண்டு பாண்ட் ஆக்கள் கொண்டுவந்து தந்தவை. அம்மா இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறா. வந்தால் முதல் இதைத்தான் கேப்பாராம். திருத்தி வைக்கட்டாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

விரிப்பை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார். உள்ளே குடைவான உடம்பு. வயலினில் இருப்பதைப் போல இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். பன்னிரண்டு தந்திகளையும் யாரும் தளர்த்தி வைக்கவில்லை. ஆறு வருட இழுவையில் கழுத்து வில்லாக வளைந்து, முதுகுப் பலகை ஒட்டு விட்டிருந்தது. தந்திகளைக் கழற்றினேன். கழுத்தைச் சூடு காட்டி, பலகை வைத்து இறுக்கி நிமிர்த்தினேன். முதுகுக்குப் பசை வைத்தேன். துருப்பிடித்த முறுக்காணிகளுக்கு எண்ணெய் விட்டு, புதுத் தந்தி போட்டேன். மிச்சம் இருந்தது தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்அப் மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மறுபடி ஊரடங்கு. ஊருக்குப் போக முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு, பகல் இரண்டேகால் போல, கிட்டாரை மேசையில் கிடத்தி அம்ப்ளிஃபயரில் சொருகினேன்.

ம்ம்ம்... என்று இரைச்சல்.

பிறகு, டொக். டொக் டொக்.

அதில் அதிசயம் இல்லை. பிக்அப் பழசானால் உள்ளே இருக்கும் மெழுகு வற்றிவிடும். அப்புறம் அது மைக் மாதிரி. பக்கத்தில் பேசினால் ஸ்பீக்கரில் கேட்கும். மேசையைத் தொட்டாலும் கேட்கும். என் முழங்கைதான் தட்டியிருக்கும் என்று கையை எடுத்தேன்.

டொக். டொக் டொக்.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. வெறும் ரோடு. ஒரு நாய் நின்றது. கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"கதவைத் திறவுங்கோ..."

ஆண் குரல். மெதுவாக, தொண்டை அடைத்ததுபோல.

"கதவைத் திறவுங்கோ... அம்மா..."

எங்கள் ரோட்டில் யாரும் 'திறவுங்கோ' என்று சொல்ல மாட்டார்கள். அது யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஏதோ வானொலி நாடகத்தை வயர் பிடிக்கிறது என்று நினைத்தேன். சத்தத்தைக் குறைத்தேன். வேலையைத் தொடர்ந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்தக் குரல் கேட்கக் கேட்க நான் வயர் பற்றவைத்தேன்.

மறுநாளும் ஊரடங்கு. மெழுகு உருக்கி, பிக்அப்பை அதில் முக்கி எடுத்து ஆற வைத்தேன். இனிமேல் தந்தியைத் தவிர எதையும் அது பிடிக்காது. பிடிக்கக் கூடாது. மறுபடி பூட்டிச் சொருகினேன்.

"கதவைத் திறவுங்கோ..."

முந்திய நாளைவிடத் தெளிவாக.

வயரை உருவினேன்.

"...திறவுங்கோ..."

அம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைத்தேன். சிவப்பு லைட் அணைந்தது.

"...மூச்சு முட்டுது..."

ஸ்பீக்கரில் இல்லை. கிட்டாரின் குடைவான உடம்புக்குள் இருந்து வந்தது. பன்னிரண்டு தந்தியும் தானாக அதிர்ந்தன.

கிட்டாரைத் தூக்கினேன். குரல் நின்றது.

மேசையில் வைத்தேன். வந்தது.

தூக்கினேன். இல்லை.

வைத்தேன்.

"அம்மா..."

அப்போதுதான் பயந்தேன்.

பின்னால் கிளாஸ் உடைந்தது. திரும்பினேன். வடிவம்மா வாசலில். தேத்தண்ணி காலில் கொட்டி ஆவி பறந்தது. அவர் காலைப் பார்க்கவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி... இது யாரு சாமான்?"

சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எண்பத்திமூணுல ஒரு பையன் ஓடியாந்து இந்தக் கதவத் தட்டுனான். கீழ கடையெல்லாம் எரியுது. எங்க வீட்டுக்காரரு, தொறக்காத, நம்மளையும் சேத்துக் கொளுத்திருவாங்கன்னாரு. ரொம்ப நேரம் தட்டுனான். அப்புறம் சத்தமில்ல."

"பொறகு?"

"விடியுமுன்ன தொறந்தோம். கதவுல சாஞ்சு கெடந்தான். மண்டையில அடி. மூச்சு இல்ல. வாசல்ல பொணம் கெடந்தா எங்களத்தானே கேப்பாங்க? இந்த ரூமு அப்ப மண்தரை, தம்பி. சிமெந்து அதுக்கப்புறம்தான் போட்டோம்."

"எந்த இடம்?"

அவர் என் மேசைக்கு அடியில் கையைக் காட்டினார்.

அந்த இரவு அவர் வீட்டுக் குசினியில், அடுப்பருகே விழித்தபடி இருந்தேன். ஊரடங்கு எடுத்ததும் கிட்டாரோடு ரயில் ஏறி நாவலப்பிட்டிக்குப் போனேன். செசிலியாவிடம் தனியாகச் சொன்னேன். அவர் அழவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மனிசிக்கு அண்ணான்ட குரல் கேட்டதோ?"

"கேட்டிருக்கு."

"ஓம்," என்று தலையாட்டினார். பிறகு, "அவவைப் பொலிசில குடுக்க வேண்டாம். அண்ணாவை மட்டும் தரச் சொல்லுங்கோ."

வடிவம்மா சம்மதிக்க, அடுத்த வாரம் செசிலியா ஒரு பாதிரியாரோடு வந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சிமெந்தை உடைத்தோம். நானும் பாதிரியாரும் கையால் மண்ணை அள்ளினோம். அதிக ஆழம் இல்லை.

எலும்பும், கிழிந்த சட்டைத் துணியும். கால்கள் நேராக இருந்தன. கைகள் இரண்டும் தலைக்கு மேலே, விரல்கள் விரிந்தபடி, மேல்நோக்கி.

"ஏன் நானா, கை இப்பிடிக் கிடக்குது?" என்று செசிலியா கேட்டார்.

"மண் இறங்கினா அப்படி ஆகும்," என்றேன். பாதிரியார் என்னைப் பார்த்தார்.

எலும்புகளை வெள்ளைத் துணியில் எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை. நானும் அங்கே இருக்கவில்லை. சாமான்களை லொறியில் ஏற்றிய அன்று வடிவம்மா படிக்கட்டில் நின்று என் கையைப் பிடித்தார். அவர் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"நெஞ்சு மேல ரெண்டு கையையும் சேத்து, துணியால கட்டித்தான் தம்பி வச்சோம்," என்றார்.