மந்தைவெளிக்கு வந்த பெரிய வண்டி

ஒரு காரை எடைபோட துரைராஜுக்குப் பத்து நிமிடம் போதும். முப்பது வருடமாக ஸ்டீயரிங் பிடிப்பவர். அதில் பத்தொன்பது வருடம் மந்தைவெளியில், ஆடிட்டர் சுப்பராமன் வீட்டில். அடையாற்றங்கரையில் இருந்த துரைராஜின் வீட்டை வெள்ளத்துக்குப் பிறகு இடித்துவிட்டு, பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இடம் கொடுத்தார்கள். தூரம் தாங்காமல் அவர் மனைவி சொர்ணம் பழைய இடத்தில் நாலு வீடுகளில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டாள். துரைராஜ் விடவில்லை. இரண்டு பஸ் மாறி எட்டரைக்குள் வந்துவிடுவார்.

நான்கு வருடத்துக்கு முன் ஆடிட்டரின் மனைவி ஜெயலக்ஷ்மிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரைக் காரில் ஏற்ற துரைராஜ் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். சீட்டின்மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் பை ஒன்றை விரிப்பார். ஜெயலக்ஷ்மி முதுகைக் காட்டி நின்று அப்படியே உட்காருவார். பிறகு துரைராஜ் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைப்பார். பையில் வழுக்கி உடம்பு தானே திரும்பிக்கொள்ளும். பழைய காரின் சீட் அதற்கு அளவெடுத்த உயரம். செவ்வாயும் வெள்ளியும் அடையாறில் பிசியோதெரபி. திரும்பும்போது ஜெயலக்ஷ்மி தண்ணித்துறை மார்க்கெட் ஓரமாக நிறுத்தச் சொல்வார். கடைக்காரர் கூடையை ஜன்னலுக்குக் கொண்டுவர, இடது கையால் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவார். வாரத்தில் அவர் சிரிப்பது அப்போதுதான்.

போன ஆனியில் மகன் சாய்சரண் சிட்னியிலிருந்து மூன்று வார லீவில் வந்தான். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய வண்டியை வாசலில் நிறுத்தவேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஓட்டிப் பார்க்க அப்பாவையும் துரைராஜையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனான்.

சாவியை துரைராஜிடம் கொடுத்தார்கள். மத்திய கைலாஷ் சிக்னலில் பச்சை விழுந்ததும் லேசாக மிதித்தார். இரண்டு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி, கனமே இல்லாததுபோல் கிளம்பியது. மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த இரும்புத் தகடுகளில் ஏறி இறங்கியபோது சத்தம்கூட உள்ளே வரவில்லை. சீட்டிலிருந்து முதுகுக்குக் குளிர்காற்று வந்தது. இவ்வளவு நல்ல வண்டியை அவர் தொட்டதே இல்லை. திரும்பி வந்ததும் பின்கதவைத் திறந்து, அம்மாவின் வாக்கர் உள்ளே போகுமா என்று பார்த்தார். நாலு வாக்கர் போகும். பிறகு பக்கத்துக் கதவருகே நின்று, சீட் எவ்வளவு உயரம் என்று தன் உடம்போடு ஒட்டிப் பார்த்தார். அவருக்கே இடுப்புக்கு வந்தது.

"வண்டி தங்கமா கீது சார். ஆனா அம்மாவால ஏற முடியாது" என்றார்.

விற்பனைப் பெண் ஃபிசா ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினாள். வண்டி இரண்டு அங்குலம் தணிந்தது. வேண்டுமானால் படி ஒன்றும் பொருத்தலாம் என்றாள். சாய்சரணுக்கு அது போதுமாக இருந்தது.

"ஒரு தபா அம்மாவ இட்டாந்து ஏத்திப் பாத்துட்டு வாங்கலாம் சார்."

"சர்ப்ரைஸ்னு சொல்லிண்டிருக்கேன், நீங்க என்ன துரைராஜ்" என்றான் சாய்சரண். கோபமாகச் சொல்லவில்லை. சுப்பராமன் மகனின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பழைய காரை ஷோரூம்காரர்கள் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள்.

பிறந்தநாளன்று ஜெயலக்ஷ்மியைப் பட்டுப்புடவையில் வாசலுக்கு அழைத்து வந்தார்கள். படியில் வைக்க அவரால் இடது காலைத் தூக்க முடியவில்லை. தூக்கினால் வலது கால் தாங்கவில்லை. முதுகைக் காட்டி உட்காரலாம் என்றால் சீட் எட்டவில்லை. மூன்றாவது முறை சரிந்தபோது துரைராஜ் சட்டென்று இரண்டு கைகளிலும் அவரை வாரியெடுத்து உள்ளே வைத்தார். புடவை முழங்கால்வரை ஏறிவிட்டது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்சரண் கைதட்டினான், போட்டோ எடுத்தான். ஜெயலக்ஷ்மி முன்சீட்டின் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதும் அப்படியேதான் தூக்க வேண்டியிருந்தது.

சாய்சரண் ஊருக்குப் போன மறு செவ்வாய், துரைராஜ் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். ஜெயலக்ஷ்மி நாற்காலியை விட்டு எழவில்லை.

"வேண்டாம் துரை. நான் எங்கயும் வரல."

சுப்பராமன் கால்டாக்ஸி கூப்பிட்டுப் பார்த்தார். முதல் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டாமவர் காத்திருக்க முடியாது என்று போய்விட்டார். அதோடு சரி. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்டும் மாதம் இரண்டு தடவை வந்தால் பெரிது. பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று துரைராஜ் ஒருநாள் சொன்னார். பையனிடம் என்னவென்று சொல்வது என்று கேட்டார் சுப்பராமன். துரைராஜ் வீட்டுக்குப் போய்ச் சொர்ணத்திடம் சொன்னபோது அவள், "நீ அன்னிக்கே சொன்னியே" என்றாள். சொல்லி என்ன ஆயிற்று என்று படுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஜெயலக்ஷ்மியின் வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்து இறுகிவிட்டன. இனி நிமிர்த்துவது கடினம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துரைராஜை வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி ஜெயலக்ஷ்மியே இரண்டு முறை சொன்னார். அவர் பார்க்காமலும் இல்லை. ஐம்பத்து நாலு வயது என்றதும் யாரும் மேலே பேசவில்லை.

இப்போதும் அவர் எட்டரைக்கு வருகிறார். பேட்டரி இறங்காமலிருக்க இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து வாங்கிக் கொடுக்க உள்ளே போனபோது சாய்சரண் வீடியோ காலில் இருந்தான். வண்டி எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டான்.

"ரொம்ப சௌகரியமா இருக்குடா" என்றார் ஜெயலக்ஷ்மி. "துரை பஞ்சு மாதிரி ஓட்டிண்டு போறான்."

துரைராஜ் மருந்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். மழை வலுத்திருந்தது. பஸ் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.