பல்பு ஆறணும்

கை இரண்டையும் ஓங்கித் தட்டி, “எல்லாரும் கண்ணைக் கீழ போடுங்க!” என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் சுவிட்ச். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்று கண் கூசினால் அக்கா பொறுப்பில்லை. எனவே நாங்கள் எல்லோரும், ஏதோ தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவர்கள் போல, தரையைப் பார்த்து நிற்போம். டக்கென்று ஒரு சத்தம். நான்கு கோர்ட்டும் ஒரே நொடியில் பளிச்சென்றாகிவிடும். எல்இடி விளக்கைத் தானே கண்டுபிடித்தது போல அக்கா சிரிப்பார்.

எங்கள் ஷட்டில் ஹாலைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயதில் அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். கழுத்தில் விசில், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் நீளமான கம்பு. கம்பின் நுனியில் பஞ்சு கட்டியிருக்கும், கூரைக் கம்பிகளில் சிக்கிய இறகுப் பந்துகளை நோகாமல் தள்ளிவிட. நான் அங்கே சாயங்காலங்களில் தோற்பதற்காகப் போய்வருகிறவன். என் அடி கூரைக்குப் போகிற ஒவ்வொரு முறையும், “சாருக்கு மேல்மாடியில யாரு இருக்காங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் கம்பைத் தூக்குவார்.

பழசை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இதற்கு முன் இருந்த மெட்டல் ஹாலைடு விளக்குகளைப் பற்றி யாராவது பெருமூச்சு விட்டால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். “பந்தா தாங்காது சார் அதுக்கு. நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே நான் வந்து போட்டு வைக்கணும். முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சிரிக்கும். அதுலயும் ஆளுக்கு ஒரு கலர். மூணாவது கோர்ட்டு ரோஸா இருக்கும், நாலாவது கோர்ட்டு பச்சையா இருக்கும். நாலுல ஆடுறவன் பூரா சீக்காளி மாதிரி தெரிவான்.”

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மின்சாரம் ஒரு தடவை கண் சிமிட்டினால் அத்தனை விளக்கும் மொத்தமாகப் படுத்துவிடும். மின்சாரம் உடனே திரும்பி வந்தாலும் விளக்கு வராது. உள்ளே இருக்கும் சூடு அடங்கினால்தான் மறுபடி பற்றும். “மாப்பிள்ளை முறுக்கு! கெஞ்சினாலும் வராது, திட்டினாலும் வராது. அதுவா ஆறி, அதுவா வரணும். எங்க வீட்டுக்காரருக்கும் அதே குணம்தான்” என்பார், வீட்டுக்காரர் காதில் விழும்படியாகவே.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுபவர். அக்காவின் அண்ணன் எலக்ட்ரீசியன். இருவரும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. மாமன் மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஹாலே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்து இருவருக்கும் நட்டநடுவே வந்தது. இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். பந்து சாவகாசமாகத் தரையில் விழுந்தது. “உங்க பந்து மச்சான்.” “உங்க பந்து மாப்ளே.” அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. அண்ணன், தங்கையின் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். அக்கா ஒரே சமையலை இரண்டு வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார். “ஒரு வாத்து றெக்கைக்காகக் குடும்பத்தை ரெண்டா பிச்சுட்டாங்களே!” என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதன்பின் ஆளுக்கொரு கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்த இருவரையும் ஓர் இடத்தில் உட்கார வைத்தது அந்தப் பந்தாக்கார விளக்குகள்தான். அவை அணைந்தால் வாசலோரம் இருக்கும் பெஞ்சுக்கு மேலே ஒரே ஒரு குட்டி விளக்கு, பேட்டரியில் எரியும். எல்லோரும் அங்கே வந்தாக வேண்டும். பெஞ்சின் ஒரு முனையில் மாப்பிள்ளை, மறுமுனையில் மச்சான், நடுவில் அக்கா.

“ஏம்மா, உங்க அண்ணன் நொண்டுறாரே, என்னன்னு கேளு.”

“முட்டி வீக்கம்னு சொல்லும்மா.”

“ஐஸ் வைக்கச் சொல்லு.”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு!”

ஒருநாள் அண்ணன் அடித்த ஜோக்குக்கு மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தும்விட்டார். “இன்னும் நாலு தடவை கரண்டு போனா போதும் சார், ராசியாயிடுவாங்க” என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அந்த நான்கு தடவை வருவதற்குள் எல்இடி வந்துவிட்டது. கமிட்டியிடம் சண்டை போட்டு வாங்கியவரே அக்காதான். மாட்டியவர் அண்ணன். ஆடுகிறவர் அண்ணாந்தால் கண்ணில் குத்தாதபடி, கோர்ட்டின் தலைக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் அழகாக மாட்டிக்கொடுத்தார். மின்கட்டணம் இறங்கியது, ஹாலில் புழுக்கம் குறைந்தது, நாலாவது கோர்ட்டுக்காரர்களுக்கு முகத்தில் உயிர் வந்தது. அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் மின்சாரம் கண் சிமிட்டியது. நான் தூக்கி அடித்த பந்து கீழே வருவதற்குள் விளக்குகள் திரும்பி வந்துவிட்டன. ஹாலே கைதட்டியது. அக்காவும் தட்டினார். தட்டிக்கொண்டே வாசல் பெஞ்சைப் பார்த்தார். அது காலியாகக் கிடந்தது.

“என்னண்ணே, இது ஆறவே வேணாமா?”

“இதுல ஆறுறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா” என்றார் அண்ணன் பெருமையாக. அன்றைக்கு முழுக்க அக்கா என்னிடம் மேல்மாடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நான்கு கோர்ட்டும் ஒரேயடியாக இருண்டன. சுவிட்ச் அறையிலிருந்து அக்கா வெளியே வந்தார். முகத்தில் அப்படியொரு அப்பாவித்தனம்.

“பல்பு ஆறணும். பத்து நிமிஷம் ஆகும். எல்லாரும் உக்காருங்க.”

என்னோடு ஆடிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், “அக்கா, எல்இடிக்கு எதுக்கு...” என்று ஆரம்பித்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் திடீரென்று தாகம் எடுத்துவிட்டது. நாங்களும் அவர் பின்னாலேயே தண்ணீர் குடிக்கப் போய்விட்டோம். போனோமே தவிர, காதெல்லாம் பெஞ்சுப் பக்கம்தான்.

அண்ணன் முதலில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தன் கையால் மாட்டிய விளக்குகளை அந்த அரையிருட்டில் அண்ணாந்து பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மாப்பிள்ளை பெஞ்சருகே வந்து நின்றார். நடுவில் உட்கார வேண்டிய அக்கா, கம்பும் கையுமாகத் தள்ளியே நின்றுகொண்டிருந்தார்.

“ஆமா, ஆறத்தான் வேணும்” என்றார் அண்ணன். பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கிக் கீழே வைத்தார். “உக்காருங்க மாப்ளே.”

மாப்பிள்ளை உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “முட்டி எப்படி இருக்கு மச்சான்?”

“பரவாயில்ல. அந்தக் கடைசிப் பந்து... அது என் பந்துதான் மாப்ளே.”

“சும்மா இருங்க மச்சான். அது என் பந்து.”

“நான் சொல்றேன்ல, என் பந்துன்னு!”

“எனக்குத் தெரியாதா? என் கைக்குத்தானே வந்துச்சு!”

குரல் ஏறிக்கொண்டே போனது. பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் பொறுக்கமாட்டாமல், “அக்கா, இன்னுமா ஆறல?” என்று கேட்டார். அக்கா சுவிட்ச் அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.