மேற்கு யன்னலில் வெளுத்த கற்கள்

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு ஒரு சின்னச் சத்தம்தான் காரணம். என்னுடைய படிகக் கற்களைப் பார்க்கவென்று வந்தவர், இரண்டைக் கையிலெடுத்து ஒன்றோடொன்று தட்டினார். பெரிய கல்லின் நுனியிலிருந்து நகத்துண்டளவு சில்லு ஒன்று பறந்து சீமெந்துத் தரையில் விழுந்தது.

"என்ன வடிவான சத்தம், ரீச்சர்!" என்றார்.

நான் குந்தியிருந்து சில்லைத் தேடினேன். அவர் கதிரையை விட்டு அசையவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "கல்லுத்தானே, உதுக்கு ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்று வேறு கேட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அவர் எங்கள் பக்கத்து ஒழுங்கையில் குடியிருப்பவர். ஏதோ ஒரு கந்தோரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரே தன் கந்தோர் என்ற நினைப்பில் நடப்பவர். நான் புவியியல் படிப்பித்தவள். முதல் நியமனம் பலாங்கொடைப் பக்கம் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மலசலகூடம் கட்ட மண் வெட்டியபோது, களிமண்ணோடு ஒரு கல் வந்தது. ஆறு பக்கம், கூர்நுனி. கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணியின் நிறம். புகைநிறப் படிகம் என்று பாடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் எங்கே மண் வெட்டினாலும் போய் நின்றேன். எட்டு வருடம் கழித்து மாற்றலாகி ஊருக்கு வரும்போது என் பெட்டியில் இருபத்து மூன்று கற்கள் இருந்தன.

அவற்றை நான் வைத்திருக்கும் விதத்தைப் பார்த்து என் தங்கை கூடச் சிரிப்பாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். அதில் கழுவினால் காய்ந்ததும் கல்லின் மேல் வெள்ளைப் படலம் படியும். அதனால் மாரியில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவேன். நுனிகள் ஒன்றையொன்று உடைக்காமலிருக்கப் பழைய நூல்சேலைத் துண்டில் தனித்தனியாகச் சுற்றி மேசை லாச்சிக்குள் வைப்பேன். வெயிலில் மட்டும் வைக்கவே மாட்டேன். பக்கத்துப் பாறைகளிலிருந்து கசியும் கதிர்வீச்சு, மனிதக் கணக்குக்குள் அடங்காத காலம் எடுத்து ஊட்டிய நிறம் அது. வெயில் அதைச் சில வருடங்களில் உறிஞ்சிவிடக் கூடும்.

சில்லுப் பறந்து ஆறு மாதத்தில், அவரும் கல் சேர்க்கத் தொடங்கிவிட்டார் என்று ஊரில் கதை வந்தது. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரையும் பிடித்து மலைநாட்டிலிருந்து எடுப்பித்தார். தன் எழுபதாவது பிறந்த நாளுக்கு என்னையும் அழைத்தார். ஏன் அழைக்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் போனேன்.

முன் விறாந்தையைத் தாண்டியதும் கண்ணாடி அலுமாரி. மேற்கு யன்னலுக்கு நேரே வைத்திருந்தார். பின்னேர வெயில் திரைச்சீலை எதுவுமில்லாமல் உள்ளே விழுந்து, நாற்பது ஐம்பது கற்கள் தேன்போல மின்னின. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அதைவிட, இந்த வெயில் இவற்றை என்ன செய்யும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற எண்ணம் முந்திக்கொண்டு வந்தது. ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நடுத்தட்டில் உள்ளங்கையளவு கல்லொன்று இருந்தது. அட்டைக் கறுப்பு. அதை வெளியே எடுத்து, "இதைப் பாருங்கோ ரீச்சர். உங்களிட்டை இப்பிடி ஒண்டு இருக்கோ? கனடாவிலையிருந்து மகள் அனுப்பினவ," என்றார். கூடியிருந்த சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். திரையில் அந்த மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்லை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் கூட ஊடுருவவில்லை.

"உது இயற்கைக் கல்லில்லை. வெள்ளைக் கல்லை மெசினுக்குள்ளை வைச்சுக் கதிரடிச்சுக் கறுப்பாக்கிறவங்கள். உங்கடை மகளை ஆரோ ஏமாத்திப் போட்டாங்கள்."

திரையில் இருந்த சிரிப்பு நின்றது. அவர் கல்லை என் கையிலிருந்து பறித்தார்.

"பொறாமையிலை கதைக்கிறியள்!"

"உங்களிலை பொறாமைப்பட என்ன கிடக்கு?" என்றேன். கேக் வெட்டும் முன்பே வெளியேறிவிட்டேன்.

இயற்கையிலும் இப்படிக் கறுத்த கற்கள் உண்டு. கண்ணால் மட்டும் பார்த்து அறுதியாகச் சொல்ல முடியாது. இது அன்றும் எனக்குத் தெரியும்.

நான்கு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. சுன்னாகம் சந்தையில் எதிரே வந்தால் அவர் வெங்காயக் குவியலைப் பார்ப்பார், நான் கத்தரிக்காயைப் பார்ப்பேன். பொது அலுவலுக்குக் கூட்டம் வைத்தால், நான் வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவர் எழும்பிப் போவார். அவர் எழும்பிப் போவது எனக்குச் சந்தோசமாகவே இருந்தது.

போன வைகாசியில் ஒரு நாள் காலை அவருடைய மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு துணிப் பை.

"அவருக்குத் தெரியாமல் வாறன், ரீச்சர். உதுகளைத் திருப்பிப் பழையபடி ஆக்கேலுமோ?"

பையைக் கவிழ்த்தார். ஐந்து கற்கள். ஒரு காலத்தில் தேன் நிறத்தில் நின்றவை, வடிகஞ்சித் தண்ணீர்போல வெளுத்துக் கிடந்தன. நான் எதிர்பார்த்து வைத்திருந்த நாள் இதுதான். சந்தோசம் வரவில்லை. கல்லைத் தொடவே கூச்சமாக இருந்தது.

"ஏலாது அக்கா. வெயில் குடிச்சிட்டுது. மிச்சமெண்டாலும் தப்ப வேணுமெண்டால் அலுமாரியை இண்டைக்கே நகர்த்துங்கோ."

"அவர் விடமாட்டார். இடுப்பு வருத்தத்தோடை கதிரையிலை இருக்கிறார். நான் தனிய எப்பிடி?"

நான் சேலையை மாற்றிக்கொண்டு அக்காவோடு போனேன்.

என்னைக் கண்டதும் கதிரையிலிருந்தவருக்கு முகம் சிவந்தது. எழும்பப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அலுமாரியைக் கையால் காட்டினார்.

"எல்லாம் வெளுத்துப் போச்சு. ஆனால் நீங்கள் பொய்யெண்ட கல்லைப் பாருங்கோ. அது ஒண்டுதான் நிறம் மாறேல்லை. இப்ப என்ன சொல்லுறியள்?"

கறுப்புக் கல் அப்படியேதான் இருந்தது. அவ்வளவு அடர்ந்த கறுப்பு நான்கு வருடத்தில் மாறாமலிருப்பது, அது இயற்கை என்பதையும் காட்டாது, பொய் என்பதையும் காட்டாது. அதை விளக்க எனக்கு மனம் வரவில்லை. "அந்தப் பக்கம் பிடியுங்கோ அக்கா," என்றேன்.

"ஆற்றை வீட்டிலை ஆர் சாமான் தூக்கிறது? விடுங்கோ! விடுங்கோ எண்டு சொல்லுறன்!"

நாங்கள் விடவில்லை. கற்களை இறக்கித் தலையணைகளின் மேல் அடுக்கினோம். பிறகு அலுமாரியை இழுத்தோம். தரையோடு உரசிக் கீச்சிட்டது. அவர் கதிரைக் கையில் அடித்துக் கத்தினார். என் படிப்பை, என் குணத்தை, கலியாணம் ஆகாததை, எல்லாவற்றையும் இழுத்தார். மூச்சு வாங்க வாங்கப் படுக்கையறைச் சுவரோடு அலுமாரியைச் சேர்த்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றேன்.

"அண்டைக்கு அந்தக் கல்லைப் பற்றி எனக்கு வடிவாத் தெரியாது. உங்களைச் சபையிலை வெட்கப்படுத்தத்தான் சொன்னனான். வெயிலாலை மற்றக் கல்லுகள் கெடுமெண்டு தெரியும். அதைச் சொல்லாமல் விட்டதும் வேணுமெண்டுதான்."

அவர் வாய் திறந்தபடி பார்த்தார்.

"என்ரை மகள் அதுக்குப் பிறகு எனக்கொண்டும் அனுப்புறேல்லை," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஏதும் அனுப்பினாலும் சபையிலை ஆரும் பிழை பிடிப்பினம் எண்டு சொல்லிப்போட்டுக் கதைக்கிறதையும் விட்டிட்டாள்."

"மகளிட்டை நானே கதைக்கிறன்," என்றேன்.

"தேவையில்லை. வெளியிலை போங்கோ."

போனேன். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவியிடம் இலக்கத்தை வாங்கி, மகளுக்கு அழைப்பெடுத்து உள்ளதைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். "இதை அப்பா உயிரோடை இருக்கேக்கையாவது சொன்னீங்களே," என்று சொல்லி வைத்துவிட்டாள். அது நன்றியா, ஏச்சா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் இப்போதும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். எனக்கும் அவரைப் பிடிக்காது. மகள் அவரோடு திரும்பக் கதைக்கிறாள் என்று மட்டும் அக்கா சொன்னார்.