பவானிக்கு நடேசன் பொருந்துவானா

மதியச் சாப்பாடு முடிந்ததும் தையல் டீச்சர் ஊசியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். அந்தச் சின்ன ஓசை கேட்டதும் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். அவர் பையிலிருந்து வாரப் பத்திரிகையை எடுத்து, தொடர்கதைப் பக்கத்தை விரித்து வாசிக்கத் தொடங்குவார். பாறசாலைக்கு அருகே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறு ஆசிரியர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எல்லையை எங்கே போடுவது என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்த வருஷங்கள் அவை. விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு பக்கம், விடமாட்டோம், கேரளத்தோடுதான் என்று மறுபக்கம். எங்கள் அறையில் மட்டும் அந்த அரைமணி நேரம் நடேசனையும் பவானியையும் பற்றியே பேச்சு.

கதையில் நடேசன் ஒரு சின்ன ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர். பவானி அங்கே ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். அவனோ ஒரு வார்த்தையை வாய்க்குக் கொண்டுவர மூன்று அத்தியாயம் எடுத்துக்கொள்வான். இவர்கள் ஒருவருக்கொருவர் பொருத்தமா என்பதுதான் எங்கள் வழக்கு. பொருத்தமே இல்லை என்று அடித்துச் சொன்னவர் மலையாளம் சார். அவருக்குத் தமிழ் பேசவரும், எழுத்து தெரியாது. டீச்சர் வாசிக்கக் கேட்டுத்தான் கதையைத் தெரிந்துகொள்வார். நானும் அவர் கட்சிதான். பவானி அதே ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

"இவனைக் கெட்டினா பவானி சுவரோடதான் டீச்சரே பேசணும். அவளுக்குக் காய்ச்சல் வந்தப்பம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தானே, அவன் என்ன மனுஷன்?" என்பார் சார்.

"வாசல் வரைக்கும் போனான் இல்லியா? அத ஏன் விட்டுட்டுப் பேசுதீங்க? பேசல்லேண்ணா மனசில ஒண்ணும் இல்லேண்ணு ஆயிருமா?" என்பார் டீச்சர்.

தையல் டீச்சர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் அல்ல. நடேசனுக்காக மட்டும் வாதாடுவார். சார் பெரிய பேச்சுக்காரர். பேசுகிற மும்முரத்தில் எதிரே இருப்பவரைப் பார்க்க மறந்துவிடுகிற ஆள். டீச்சர் யாருக்காகப் பரிந்து பேசுகிறார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

டீச்சரின் வீடு களியக்காவிளைக்கு அப்பால். அப்பா இல்லை. அம்மாவும் ஒரே தம்பியும். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற ஊர்வலத்தில் போன தம்பிக்குப் போலீஸ் அடியில் கை முறிந்தது. சாரின் அண்ணனோ எதிர்க்கூட்டத்தின் மேடைகளில் ஏறிப் பேசுகிறவர். அதற்குப் பிறகு டீச்சர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பஸ் ஓடவில்லை, பத்திரிகையும் வரவில்லை. சாப்பிட்டு முடித்து ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். சார் மேசையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகம் கிடந்ததைப் பார்த்தேன். எந்தப் பிள்ளையோ விட்டுப்போனது என்று நினைத்தேன்.

நாலாவது வாரம் சார் கையில் பத்திரிகையோடு வந்தார். வேட்டியின் கீழ்ப்பாதி முழுக்கச் செம்மண். களியக்காவிளைக்கு நடந்தே போய் வாங்கி வந்திருக்கிறார். அவர் யாருடைய தம்பி என்று தெரிந்த ஊருக்கு அந்த நாட்களில் தனியாகப் போவது விளையாட்டல்ல.

"டீச்சர் வாசிக்க வேண்டாம். இன்னைக்கு ஞான் வாசிக்காம்" என்றார்.

எழுத்துக் கூட்டி வாசித்தார். 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் தடுமாறவில்லை, ஆனால் மலையாளத்தில் நாலு எழுத்தாக இருக்கிற 'க' வந்த இடத்தில் எல்லாம் எதை உச்சரிப்பது என்று திகைத்து நின்றார். ஜன்னலோரத்திலிருந்து, தைப்பதை நிறுத்தாமல், டீச்சர் திருத்திக்கொடுத்தார். மாற்றலாகிப் போகிற பவானி ரயிலில் ஏறுகிற அத்தியாயம் அது. நடேசன் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. கொடியை மட்டும் இரண்டு நிமிஷம் தாமதமாகக் காட்டினான்.

சார் பத்திரிகையை மூடினார். "ஞான் சொன்னது தப்பு. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியப் பிடிச்சு நிறுத்தணும்னா அது சாதாரணக் காரியம் இல்ல. எனக்கு இத்தனை நாளும் மனசிலாகல்ல டீச்சரே."

டீச்சர் தலை நிமிர்ந்து, "இப்பமாவது மனசிலாச்சே" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் கரும்பலகையைத் துடைக்க எழுந்து போனேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மாநிலங்கள் பிரிந்தன. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளத்தின் பக்கம். எந்த மாநிலத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று எங்களிடம் எழுதி வாங்கினார்கள். டீச்சர் சென்னை மாநிலம் என்று எழுதுவார் என்றே எல்லாரும் நினைத்தோம். தம்பி கை முறிந்து கேட்டு வாங்கிய மண் அல்லவா? அவர் கேரளம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பேசத் தெரியாதவ எழுதியாவது காட்டணும் இல்லியா மக்கா" என்றார்.

டீச்சருக்கும் சாருக்கும் நெய்யாற்றின்கரையில் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு வீட்டாரும் வரவில்லை. அதற்குள் தொடர்கதையும் முடிந்திருந்தது. எழுதினவர் நான் ஆசைப்பட்டபடியே பவானியை டாக்டருக்குக் கட்டிவைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. இது நடக்காத காரியம் என்று டீச்சர் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு தபாலட்டை போட்டார். பதில் வரவில்லை. டீச்சரின் தம்பி ஆறு வருஷம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஓர் ஓணத்துக்கு வாழைக்குலையைத் தோளில் சுமந்து வந்து வாசலில் நின்றார். கை சரியாக மடங்காது. சார் ஓடிப்போய்க் குலையை இறக்கி வாங்கினார்.

அவர்கள் இருவரையும் சேர்த்துக் கடைசியாகப் பார்த்தது உதியன்குளங்கரை வீட்டில். சாருக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருந்தார். நடக்கத் தேறிவிட்டார், பேச்சு மட்டும் திரும்பவில்லை. தொலைக்காட்சியில் ஒரு மலையாள சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வக்கீலும் ஒரு பாட்டு டீச்சரும் காதலிக்கிறார்களாம். தையல் டீச்சர் தமிழும் மலையாளமும் கலந்து விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். அவளுக்கு என்ன குறை, அவனுக்கு எங்கே புத்தி போயிற்று, இவர்கள் ஏன் சேர்ந்துதான் தீரவேண்டும் என்று ஒவ்வொன்றாக. நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சார் திரையைப் பார்க்கவில்லை, டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையை உயர்த்தி, சேராது என்று மெல்ல ஆட்டினார்.

"பாத்தியா மக்கா, இப்பவும் ஒத்துக்கமாட்டாராக்கும்" என்று சொல்லி, டீச்சர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.