தெற்குத் தெருவுக்குத் திரும்பிய சப்பரம்

பங்குச் சாமியார் கடைசி ஓட்டுச் சீட்டையும் பிரித்துவிட்டு, "ஞானசௌந்தரி, தொண்ணூத்தெட்டு!" என்று வாசித்ததும் கோயிலுக்குள் ஒரே ஆரவாரம். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவைக்கு முதன்முதலாக ஒரு பெண் தலைவி. அதுவும் தெற்குத் தெருக்காரி! சௌந்தரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெற்குத் தெருவில் இருப்பதே அறுபது ஓட்டு. மிச்சம் எங்கிருந்து வந்தது?

வடக்குத் தெருப் பெண்கள் போட்டது. பத்தொன்பது வருடமாக அவளோடு ஒரே பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், ஒரே விசைத்தறிக் கூடத்தில் நின்று, மத்தியானம் குழம்பை மாற்றிக்கொண்டவர்கள்.

தேர்தல் வைக்கச் சொன்னது ஆயர் சூசைமாணிக்கம். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் இளம் சாமியாராக இந்த ஊருக்கு வந்தார். கோயிலுக்குள் இரண்டு தெருக்காரர்களையும் பிரித்து நின்ற மரத்தடுப்பைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். வடக்குத் தெரு கொதித்தது. ஆறே மாதத்தில் மாற்றல். போன இடத்திலும் அவர் அடங்கவில்லை. பூசையில் பெண்களை வாசகம் படிக்க வைத்தார். கோயில் காரியங்களைச் சனங்களே கூடி முடிவெடுக்கட்டும் என்றார். ஆயரானதும் இந்த ஊருக்கு ஓர் உத்தரவு போட்டார்: வடக்குத் தெருவை மட்டும் சுற்றிவந்த சப்பரம் இனி எல்லாத் தெருவுக்கும் போகவேண்டும், இல்லையென்றால் திருவிழாவே இல்லை. மூன்று வருடம் கொடியேறவில்லை.

இந்த வருடம் ஏறியது. புதுப் பேரவை முதல் கூட்டத்திலேயே சப்பரத்தின் பாதையை மாற்றி எழுதிவிட்டது.

வெயில் தாழ்ந்த நேரம். பேண்டு முழங்க அந்தோணியார் சப்பரம் முச்சந்திக்கு வந்தது. குறுக்கே வடக்குத் தெரு யாகப்பன், பத்துப் பேரோடு நின்றார்.

"வழக்கம் வழக்கந்தான். திருப்புங்கப்பா வடக்க!"

பேண்டு நின்றது. எல்லாரும் திருவிழாவுக்கு வந்திருந்த ஆயரைப் பார்த்தார்கள். அவரோ சௌந்தரியைப் பார்த்தார்.

"தலைவி சொல்லட்டும். நான் தோளு மட்டும் குடுக்கேன்" என்று, எழுபத்துநாலு வயதில், சப்பரக் கம்புக்கு அடியில் போய் நின்றார்.

சௌந்தரி முன்னால் வந்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டையைத் திறந்தாள்.

"அண்ணே, மொதல்ல எங்க தெரு, அப்பறம் ஒங்க தெரு. பேரவை முடிவு. வழிய விடுங்க!"

யாகப்பன் அசையவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி மிக்கேலம்மாள் வந்தாள். பின்னாலேயே தறிக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரும்.

"இந்தா, நாங்க தூக்குதோம். தள்ளி நில்லுங்க. மூணு வருசமா திருநா இல்லாமக் கெடந்தது போதாதா?"

பெண்கள் சப்பரம் தொடுவதை அந்த ஊர் கண்டதில்லை. யாகப்பன் ஓரமாக நகர்ந்தார். சப்பரம் தெற்கே திரும்பியது. வேட்டு வெடித்தது. வாசலுக்கு வாசல் கோலமும் மெழுகுவத்தியுமாகக் காத்திருந்த தெரு "மரியே வாழ்க!" என்று எழுப்பிய குரல் மெயின் ரோட்டு பஸ் நிறுத்தம் வரை கேட்டது. ஒரு கை கம்பில், ஒரு கை கண்ணீரைத் துடைக்க, சௌந்தரி சிரித்துக்கொண்டே நடந்தாள்.

திருப்பலி முடிந்ததும் ஆயர் அவளைக் கூப்பிட்டார். வேர்வையில் அங்கி நனைந்திருந்தது.

"கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ரெண்டு தெருவையும் பிரிச்சு ஒரு சுவரு இருக்கே, தெரியுமா?"

"தெரியும் ஆண்டவரே. திங்கக்கெழம அதுக்குத்தான் கூட்டம் போட்டிருக்கேன்."

ஆயர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அடுத்த மாசம் எனக்கு ஓய்வு. கடப்பாரைய எடுக்கும்போது சொல்லியனுப்பு, பஸ்ஸேறியாவது வாரேன்."