தலைமாட்டில் ஓடிய தறி

செல்லூரில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள் நான். நாகமலை புதுக்கோட்டைக்குக் குடிவந்த பிறகு, கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டால் பல்லி கத்தினாலும் திருடன்தான் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதனால் அம்மா வீட்டுக்குப் போனபோது தறிச் சத்தத்தை செல்போனில் பதிவுசெய்து வந்து, தலைமாட்டில் ஓடவிட்டுத் தூங்கினேன்.

சுவரை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கும் அக்கா, ஒரு காலையில் கண் சிவக்க வந்தார்.

"ஏம்மா, ராத்திரி பூராம் எவனோ டக்கு டக்குன்னு சுவத்த இடிக்கிறானே, ஒனக்குக் கேக்கலையா? நான் அருவாமணையோட உக்காந்திருக்கேன்!"

செல்போனில் போட்டுக் காட்டினேன். "அடிப்பாவி!" என்றார்.

இப்போதெல்லாம் தறியை ஓடவிடுவதில்லை. பயம் வந்தால் சுவரைத் தட்டுவேன், அக்காவும் பதிலுக்குத் தட்டுவார். சில இரவுகளில் அவரே முதலில் தட்டுகிறார்.